சலாம் சொல்லாத மனிசன்

எங்கள் ஊரில் றோட்டில் இறங்கினால் வாய் சும்மா இருக்க முடியாது. வாசலிலிருந்து சந்திக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இருபது பேருக்காவது சலாம் சொல்லியிருப்போம். தெரிந்தவர், தெரியாதவர், நேற்றுச் சண்டை பிடித்தவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. சண்டை பிடித்தவருக்குக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வோம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வருடக்கணக்காக யாருக்கும் முந்திச் சலாம் சொல்லாமல் போய் வந்தார்.

ஊர் அவரைப் பெருமைக்காரன் என்றது. நாலெழுத்துப் படித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், அவருடைய மோட்டார் சைக்கிளைக் கண்டால் ஓரமாக வரிசையில் நின்று ஒரே குரலில் சலாம் சொல்லிப் பார்ப்பார்கள். அதற்கு அவர் குறைவில்லாமல் பதில் சொல்வார். ஆனால் கண்ணை றோட்டை விட்டு எடுக்க மாட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆளைப் பார்த்தால் பெருமைப்பட அப்படி ஒன்றும் இல்லை. மெலிந்த உடம்பு. வெள்ளை யூனிபோர்மின் கொலர் நைந்து நூல் தெரியும். மோட்டார் சைக்கிள், வயதில் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. அது தெருமுனையில் திரும்பும்போதே இன்னார் வருகிறார் என்று நாலு வீட்டுக்குக் கேட்கும். யார் கண்ணிலும் படாமல் போய்வர நினைத்த மனிதருக்கு வாய்த்த வாகனம் அது.

அந்த மோட்டார் சைக்கிளால்தான் எனக்கு அவரை முதலில் தெரியும். கல்முனை பஸாரில் எனக்கு மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. ஒருநாள் பிரேக் கேபிள் கேட்டு வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றோம். ஒரு சலாம் இல்லை, ஒரு முகமலர்ச்சி இல்லை. எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில். கேபிளை எடுத்து மேசையில் போட்ட போட்டில் அது உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் போனார். "ஆஸ்பத்திரியில வேல செய்யிறானாம். நோயாளிக்கி ஊசி குத்திக் குத்தி இவனுக்கு வாய் வெறச்சிப் போச்சி போல" என்று நான் சொல்ல, நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தக் கதையை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவரை இந்த ஊரிலிருந்து அனுப்பி வைத்தவர்களில் நானும் ஒருவன். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அவர் வேலை பார்த்தது மனநலப் பிரிவில். பிரிவு என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர, அது ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஒரு தனி அறை. முன்பு கிழிந்த மெத்தைகள் அடுக்கி வைத்திருந்த அறையாம். மூன்று கதிரைகள், அதில் ஒன்றுக்கு ஒரு கால் செங்கல். டொக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். அவரை வேறு ஆஸ்பத்திரிகளும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. மற்ற நாட்களில் தாதியும் இந்த மனிதர்தான், கிளார்க்கும் அவர்தான், அறையைக் கூட்டுவதும் அவர்தான். ஏச்சு வாங்குவதற்கு மட்டும் வேறு ஆள் போடுவார்களா? அதுவும் அவர்தான்.

ஊர் அதை விசர் கிளினிக் என்றது. அந்தக் கிளினிக்குக்கு நான் போனேன்.

நாட்கணக்காக நித்திரையில்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல், உலகத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் என்ற சந்தோசத்தில் நான் திரிந்த ஒரு மாதம் உண்டு. அந்த மாதத்தில் கொழும்புக்குப் போன் எடுத்து ஒரு லொறி நிறைய ஹெல்மெட்டுக்கு ஓடர் கொடுத்தேன். லொறி வந்து நின்றபோதுதான் என் மனைவிக்கு விசயம் தெரியும். கடை, வீட்டு விறாந்தை, கோழிக்கூட்டு மேல், எங்கும் ஹெல்மெட். ஒரு சேவல் ஹெல்மெட்டுக்குள் குந்தியிருந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் நான் படுக்கையை விட்டு எழும்பவில்லை. கடை பூட்டிக் கிடந்தது. மனைவி முதலில் ஓதிப் பார்க்கக் கூட்டிப் போனாள். தண்ணீர் ஓதித் தந்த அந்த ஹஸ்ரத்தே, "இதுக்கு ஆஸ்பத்திரியிலயும் ஒருக்காக் காட்டுங்க" என்று அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். நல்ல மனிதர். ஊருக்கு ஹெல்மெட் கதை வியாபாரப் பேராசை என்றும், படுக்கைக் கதை பிரஷர் என்றும் சொல்லிச் சமாளித்தோம்.

மனநலப் பிரிவுக்குப் பக்கத்தில் பல் கிளினிக். இரண்டுக்கும் இடையில், வந்தவர்கள் குந்தியிருக்க ஒரு நீண்ட மர வாங்கு. முதல்நாள் அங்கே போனபோது, ஊரில் இத்தனை பேருக்கா பல்வலி என்று அதிசயித்துப் போனேன். பிறகுதான் விளங்கியது. எங்கள் கிளினிக்குக்கு வருபவர்கள் எல்லோரும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு பல்லுக்கு வந்தவர்கள் மாதிரிக் குந்தியிருப்பார்கள். நானும் கன்னத்தைப் பொத்தினேன். எந்தப் பக்கத்துக் கன்னம் என்பதை மட்டும் மறந்து மாறி மாறிப் பொத்தியதில் என் மனைவி தொடையில் கிள்ளினாள்.

மற்றக் கிளினிக்குகளில் வாசலில் நின்று முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். வாப்பாவின் பெயர்கூட விடுபடாது. இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. காலையில் வாங்கைச் சுற்றி ஒரு நடை நடப்பார். அந்த நடையில் ஒவ்வொருவர் கையிலும் சின்ன மட்டைத் துண்டு ஒன்று சேர்ந்திருக்கும். அதில் ஒரு நம்பர். பிறகு கதவை அரைவாசி திறந்து, நம்பரை மட்டும், அதுவும் பக்கத்தில் இருப்பவரிடம் நேரம் கேட்பதுபோல் சொல்வார். எங்கள் கிளினிக் கொப்பிகளை வீட்டுக்குத் தரமாட்டார். பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுவதுபோல் கபிலநிற உறை போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

அறைக்குள் வேறு மனிதர். முகத்தைப் பார்த்துக் கதைப்பார். "நித்திரை எப்பிடி காக்கா?" என்று அண்ணனைக் கேட்பதுபோல் கேட்பார். "கடைக்கிப் போறயா? ஆக்களோட கோபம் வருதா?" என்பார். "அது பொறக்கும்போதே வந்தது" என்று நான் சொன்னால், "அதுக்கு நம்மட்ட மருந்து இல்ல" என்று சிரிப்பார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைக் கடதாசியை வைப்பார். நான் குடிக்கிற குளிசை கூடினால் கை நடுங்குமாம். கை நடுங்குவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கடதாசி காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டேவிட்டேன்.

"தம்பி, இஞ்ச இவ்வளவு நல்லாக் கதைக்கிறீங்க. றோட்டில கண்டா மொகத்தத் திருப்பிட்டுப் போறீங்க. ஒரு சலாம் சொன்னா வாய் தேஞ்சா போகும்?"

அவர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"நான் பஸாரில வச்சி ஒங்களுக்குச் சலாம் சொன்னா, பக்கத்தில நிக்கிறவர் என்ன கேப்பார்? 'இவர ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?' எண்டு கேப்பார். நீங்க ஒரு பொய் சொல்லணும். என்ட சலாமுக்காக நீங்க ஏன் காக்கா பொய் சொல்லணும்?"

நான் விடுவேனா? "சரி. கிளினிக்குக்கு வராத ஆக்களுக்குச் சொல்லலாம்தானே?"

"அவங்களுக்கு மட்டும் சொன்னா, நான் சொல்லாம உடுற ஆக்கள் ஆரெண்டு ஊருக்கு வெளங்கிப் போகுமே." கொப்பியை மூடினார். "முந்திச் சலாம் சொல்றது சுன்னத்து, செஞ்சா நன்ம. பதில் சொல்றது கடம. கடமய நான் உடல்ல. சுன்னத்தத்தான் உட்டிரிக்கன். அல்லாஹ் மன்னிப்பான்."

நான் குளிசையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வந்தால் நானும் நடிக்கத் தொடங்கினேன். எனக்கு அளவாக எதையும் செய்து பழக்கமில்லை. ஒருநாள் கடை நிறைய ஆட்கள் நிற்க, "தம்பிக்கு எந்த ஊரு? இந்தப் பக்கம் கண்டதில்லியே" என்றேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "இந்த ஊருதான்" என்று பிளக்கை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிளினிக்கில் கடதாசியை என் விரல்மேல் வைத்தபடியே சொன்னார்: "காக்கா, அந்தளவுக்கு நடிக்கத் தேவல்ல. என்ன இந்த ஊரில எல்லாருக்கும் தெரியும். நீங்க ஊரக் கேட்டதுக்குத்தான் அண்டைக்கி ரெண்டு பேர் ஒங்கள ஒரு மாதிரிப் பாத்தாங்க."

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, மருந்துக்கு வரிசையில் நின்றாலும் மருந்து இல்லை. கிளினிக்கில் அரைமாதக் குளிசை கொடுத்தார், பிறகு ஒரு வாரத்துக்கு, பிறகு அதுவும் இல்லாத நாட்கள். வாங்கில் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டுக் கத்தத் தொடங்கினார்கள்.

சாய்ந்தமருதுப் பக்கத்து மீனவர் ஒருவர், மகனுக்கு மருந்து எடுக்க மூன்றாவது தடவையாக வந்து வெறுங்கையோடு நின்றவர், எல்லோரும் பார்த்திருக்க அவருடைய கொலரைப் பிடித்துவிட்டார்.

"எத்தின தரம் வாறது? என்ட மகன் ஊட்டுக் கதவ ஒடச்சிப் போட்டான். உம்மாவுக்கு அடிச்சிப் போட்டான். மருந்து இல்ல, மருந்து இல்ல எண்டா நீ என்னத்துக்கு இஞ்ச இரிக்கிறாய்?"

"ஞாயமான கேள்வி காக்கா" என்றார் அவர். பிடித்த கையை விலக்கவில்லை. "குந்துங்க. குந்திட்டு ஏசுங்க. நிண்டு ஏசினாக் கெதியாக் களச்சிப் போவீங்க."

தன்னுடைய கதிரையைக் காலால் இழுத்துப் போட்டார். மீனவர் கொலரை விடாமலே அதில் குந்தினார். அதனால் அவர் குனிந்தபடி நிற்க வேண்டியதாயிற்று. அப்படியே நின்று, அந்த மனிதர் ஏசி முடித்து, ஏச்சு அழுகையாக மாறும்வரை கேட்டார். அன்று பின்னேரம் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெஞ்சி வாங்கிய குளிசைகளோடு, பெற்றோல் இல்லாததால் யாரிடமோ சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு, சாய்ந்தமருதுக்குப் போனாராம். வாசலில் நிறுத்தாமல், அடுத்த ஒழுங்கையில் சைக்கிளை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனதாக அந்த மீனவரே பிறகு வாங்கில் வைத்து எனக்குச் சொன்னார்.

நானும் அவருக்கு ஏசியிருக்கிறேன். "காக்கா, ஒங்களுக்குக் கடை இரிக்கி. இந்த மாசம் வெளிய பாமசியில வாங்குங்க. இஞ்ச வந்த மருந்து எல்லாருக்கும் காணாது" என்றபோது என் மூக்கு நுனி சிவந்தது.

"ஏன்? நான் இந்த நாட்டு ஆள் இல்லியா? அரசாங்க மருந்து எனக்கில்லியா?"

"ஒங்கட உரிமதான். இல்லெண்டு சொல்லல்ல. ஒங்களுக்கு வெளிய வாங்க வழி இரிக்கி. வாங்கில மூலையில குந்தியிரிக்கிற அந்தப் புள்ளைக்கி இது மட்டும்தான்." பிறகு வழக்கம்போல் கதிரையை இழுத்துப் போட்டார். குந்தி ஏசினேன். ஏசி முடித்துவிட்டு வெளியே வாங்கினேன். வசதியுள்ளவர்களை எல்லாம் அப்படித்தான் வெளியே அனுப்பினார். யார் யாரை அனுப்பினார், யாருக்குக் கொடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அது ஞாயமான பங்கீடு என்று அந்தக் கொப்பியைப் பார்த்த யாருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அதை யாரும் பார்க்க முடியாது.

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்காயர் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் அந்தக் குடிக்காகக் குந்துபவர். எங்கள் குடிக்கு நான்தான் மரைக்காயர். ஒரு வெள்ளிக்கிழமை நிருவாகத்துக்கு ஒரு பெட்டிசம் வந்தது. மனநலப் பிரிவுத் தாதி மருந்தை ஒளித்து வைத்துத் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறார், மற்றவர்களை வெளியே வாங்கச் சொல்கிறார், பொதுமக்களை மதிப்பதில்லை, ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் சொல்ல வேண்டிய சலாத்தைக்கூடச் சொல்வதில்லை, ஆகவே அவரை மாற்ற வேண்டும். பள்ளிவாசல் ஓர் அரச ஊழியரை மாற்ற முடியாதுதான். ஆனால் எல்லா மரைக்காயர்மாரும் கையெழுத்து வைத்த கடிதம் மேலிடத்துக்குப் போனால் அதற்கு ஒரு பாரம் உண்டு.

அஸர் தொழுகைக்குப் பின் அவரை அழைத்தோம். மேல்மாடி அறையில் நாங்கள் ஏழு பேர். அவர் வந்து நின்றார். சலாம் சொல்லவில்லை. தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானே சலாம் சொன்னார். அவர் பதில் சொன்னார். அவருடைய கண் சுவரில் தொழுகை நேரம் காட்டும் மணிக்கூட்டில் இருந்தது.

"எங்கட மொகத்தப் பாத்துக் கதைக்கவும் ஒனக்குப் பெருமையா?" என்றார் தலைவர்.

"பெருமயில்ல சேர். காரணம் ஒண்டு இரிக்கி."

"என்ன காரணம்?"

"அத இந்த இடத்தில சொல்ல ஏலாது."

எனக்கு விளங்கியது. அந்தக் காரணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னால், அடுத்த நிமிடம் அந்த அறையில் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். நம்மில் யாருக்காக இவன் மணிக்கூட்டைப் பார்க்கிறான் என்று தேடத் தொடங்குவோம். நான் ஒருவன் இருந்தேன். வேறு யாரும் இருந்தார்களோ என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குத் தெரியும்.

"சரி. மருந்து ஆருக்குக் குடுத்தாய், ஆர வெளிய அனுப்பினாய்? அந்த லிஸ்ட்டக் கொண்டந்து காட்டு. எங்களுக்கு வெளங்கினா இந்தப் பெட்டிசத்தக் கிழிச்சிப் போடுறம்."

"லிஸ்ட்டு என்ட இல்ல சேர். அது அவங்கட."

"காட்டல்லெண்டா நாங்க இத உண்மையெண்டுதான் எடுக்கணும்."

"ஓம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த லிஸ்ட்டில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் பக்கத்தில் என் பெயர் இருந்தது. நான் எழும்பி, 'என்னை வெளியே வாங்கச் சொன்னவர் இவர்தான், ஏனென்றால் எனக்குக் கடை இருக்கிறது' என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டிசம் அங்கேயே செத்திருக்கும். ஒரேயொரு வசனம். ஆனால் அந்த மாதம்தான் என் மகளுக்கு அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. வாப்பாவுக்கு விசர் என்று ஒரு சொல் அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அதற்காகப் பேச்சு முறிந்த வீடுகள் எனக்குத் தெரியும். ஊரையே அதட்டிப் பேசுகிற என் வாய் அன்று பசை போட்டு ஒட்டியது மாதிரி இருந்தது.

கடிதம் கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது. கையெழுத்து வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். வைத்தேன். எனக்கு முன்னால் வைத்தவரும் பின்னால் வைத்தவரும் யோசித்தார்களா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

கடிதத்தின் பிரதி ஒன்று அவருக்கும் போனது. ஏழு கையெழுத்தோடு.

அடுத்த கிளினிக்குக்குப் போகாமல் விடலாமா என்று நினைத்தேன். மனைவி விடவில்லை. அவளுக்கு நான் எதையும் சொல்லவுமில்லை. வாங்கில் குந்தினேன். மட்டைத் துண்டு கைக்கு வந்தது. நம்பர் சொன்னார். உள்ளே போனேன்.

"நித்திரை எப்பிடி காக்கா?"

"இல்ல" என்றேன்.

கையை நீட்டச் சொன்னார். கடதாசியை வைத்தார். கடதாசி காற்றில் பறப்பதுபோல் அடித்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு எடுத்து மேசையில் வைத்தார்.

"இது மருந்து நடுக்கமில்ல" என்றார். "குளிசையக் கொறைக்கத் தேவல்ல. அப்பிடியே குடிங்க. நான் போனாலும் உட்டிராதீங்க."

ஏசியிருக்கலாம். நான் குந்தியிருந்தேன், அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் என் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த ஆறுதலை அவர் எனக்குத் தரவில்லை. அதை அவர் வேண்டுமென்று செய்தாரா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அப்படிச் செய்கிற ஆளில்லை. அதுதான் இன்னும் கூடச் சுட்டது.

இரண்டு மாதத்தில் அவரை உள்நாட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. அறைக்குப் பூட்டு விழுந்தது. நாங்கள் எல்லோரும் இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போனோம். போக வசதியில்லாதவர்கள் போகாமல் விட்டார்கள். மூலையில் குந்தியிருந்த அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று விசாரிக்க எனக்கு முகமில்லை. மகளின் கலியாணம் நன்றாக நடந்தது. பெட்டிசம் எழுதியவர்கள், இப்போது கிளினிக் மூடிக் கிடக்கிறது என்று இன்னொரு பெட்டிசம் எழுதினார்கள். அதற்கும் நாங்கள் ஏழு பேரும் கையெழுத்து வைத்தோம்.

மூன்று வருடம் கழித்து, போன அறுவடைக்கு, மருமகனோடு சாகாமத்துக்குப் போயிருந்தேன். அங்கே அவர்களுக்கு வயல். வெட்டு மெசின் வரப் பிந்தியதால் குளக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போனோம். வயல்காரர்கள் நிறைந்த கடை. பாதிப் பேர் மருமகனுக்குச் சொந்தம். மூலை மேசையில், நைந்த கொலரோடு, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி அவர்.

என்னைக் கண்டார். உடனே கண்ணைத் தூக்கிச் சுவரில் தொங்கிய அரிசி ஆலைக் கலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். மூன்று வருடத்துக்குப் பிறகும், கையெழுத்து வைத்தவனுக்காகவும், அதே பார்வை.

போய் முன்னால் நின்று சத்தமாகச் சலாம் சொன்னேன். கலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். கடமை.

"மாமா, இவர ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் பின்னால் நின்ற மருமகன்.

அன்று கிளினிக் அறையில் வைத்து அவர் சொன்ன அதே கேள்வி. நான் வாயைத் திறக்க முன் அவர் முந்திக்கொண்டார்.

"சலாம் சொல்றதுக்குத் தெரிஞ்ச ஆளா இரிக்கணுமா தம்பி?" என்று மருமகனைப் பார்த்துச் சிரித்தார். பொய்யும் சொல்லவில்லை. எனக்கு வெளியே போகக் கதவையும் திறந்து விட்டார்.

அப்போதுதான் என் கோபம் வந்தது. என்மேல் வந்த கோபம். அது அன்று பள்ளிவாசல் மேல்மாடி அறையில் வந்திருக்க வேண்டியது.

"தெரியும்" என்றேன். "இவர எனக்கு நல்லாத் தெரியும் மருமகன். நம்மட ஆஸ்பத்திரி விசர் கிளினிக்கில ஆறு வருசமா எனக்கு மருந்து தந்தவர். ஒரு லொறி ஹெல்மெட்டு வாங்கினது பேராசையில்ல, எனக்குச் சொகமில்லாமப் போனது. இப்பவும் குளிசை குடிக்கன். நல்லா இரிக்கன் எண்டா அது இவரால. இவர ஊர உட்டு அனுப்பின கடிதத்தில என்ட கையெழுத்தும் இரிக்கி. லிஸ்ட்டக் காட்டியிருந்தா இவர் தப்பியிருப்பார். காட்டல்ல. எனக்காகக் காட்டல்ல."

மருமகனின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவர் கலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார். எழும்பினார். இரண்டு கைகளாலும் என் இரண்டு கைகளையும் பிடித்தார். கிளினிக் அறைக்கு வெளியே அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா" என்றார்.

அவர் எனக்கு முந்திச் சொன்ன முதல் சலாம். பதில் சொல்வது கடமை. வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. கடை முழுக்கக் காத்திருந்தது.

ஒரு கூட்டத்துக்குச் சலாம் வந்தால் அதில் ஒருவர் பதில் சொன்னாலும் எல்லோருடைய கடமையும் தீரும் என்று மத்ரசாவில் படித்திருக்கிறோம். என் தோளில் ஒரு கை வந்து விழுந்தது.

"வஅலைக்கும் ஸலாம்" என்றான் மருமகன். "குந்துங்க மாமா. அவரும் குந்தட்டும். தேத்தண்ணி சொல்றன்."